சூசை மாமா ஏன் சிதம்பரம் போனார்

தம்பி,

போன வாரம் நீ போனில் பேசியபோது, மதலைமுத்து மாமா இறந்துவிட்டார் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "அந்த ஆளு பேச்ச எங்கிட்ட எடுக்காதம்மா. அவுராலதான் நம்ம மாமா செத்தாரு" என்று வெட்டிவிட்டாய். பிறகு சம்பளம், சாப்பாடு, துபாய் வெயில் என்று ஏதேதோ பேசினாய். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லத் தொடங்கினால் பாதியில் லைன் போய்விடும், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன், நீ "சரி விடும்மா" என்பாய். அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்து ஆபீசில் ஆயுசெல்லாம் ஊராருடைய கடுதாசிகளை டைப் அடித்தவள் நான். பெற்ற பிள்ளைக்கு நீளமாக ஒன்று எழுதியதில்லை. நேற்று கல்லறைத் திருநாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்குமாக அலைந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்ததில் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. வெளியே மழை விடவில்லை. நீயும் ஓரிடத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் இதைப் படி.

சூசை மாமா உனக்குத் தாய்மாமன், எனக்கு அண்ணன். ஊருக்கு அவர் உபதேசியார். முதுநகர் கோயிலில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்து முதல் நற்கருணைக்குத் தயார் செய்வது அவர் வேலை என்றுதான் உனக்குத் தெரியும். விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி விட்டதற்கு உன் காதைத் திருகினாரே, அந்த மாமா. ஆனால் பெரியவர்களாகிய எங்களுக்கு அவர் சாவு வீட்டு மனுஷன். ஒரு வீட்டில் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால், பங்குச் சாமியார் வருவதற்கு முன்னால் மாமா போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குளிப்பாட்டுவது, கையைச் சேர்த்துச் செபமாலை சுற்றுவது, பெட்டிக்குச் சொல்லி அனுப்புவது, அழுகிறவர்களை அழ விடுவது, எல்லாம் அவர்தான். மதலைமுத்து மாமா அவருக்கு எதிர்வீட்டுச் சிநேகிதர், சின்ன வயசிலிருந்து மச்சான் மச்சான் என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள். துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். தொண்டை பெரிது, கோபமும் பெரிது. அவர் மனைவி அமலோற்பவம் நேர் எதிர். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நமக்கு ஒரு டப்பா கலகலா கொடுத்தனுப்புவாளே, நீ பள்ளிக்கூடப் பையில் போட்டு வழியெல்லாம் கொறித்துக்கொண்டு போவாயே, அவள்தான்.

கடல் வந்த அன்று, 2004 சுனாமியன்று, நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். கிறிஸ்துமசுக்கு வந்துவிட்டு அன்று ராத்திரியே திரும்பிவிட்டாய். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அமலோற்பவம் விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு, பலகாரப் பாத்திரத்தோடு கடலோரக் குப்பத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். பண்டிகைக்கு மறுநாள் வருஷா வருஷம் போவதுதான். தங்கை தப்பித்துவிட்டாள். ஒரு தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாள். அக்காவைக் கையைப் பிடித்துத்தான் வைத்திருந்தேன், தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று அவள் சொன்னபோது உள்ளங்கையை விரித்து விரித்துக் காட்டினாள். நீ ஒரு மாதம் கழித்து வந்தபோது, அமலோற்பவம் அத்தை கடலில் போய்விட்டாள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கே தெம்பில்லை.

மதலைமுத்து மாமா அன்று முழுவதும் அவளைத் தேடி அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மறுநாள் காலையில் யாரோ, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கியவர்களைச் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொல்லவும், அங்கே ஓடினார். அவர் சிதம்பரத்தில் இருந்தபோதுதான் இங்கே சவுக்குத் தோப்புக்குள் அமலோற்பவம் கிடைத்தாள். கண்டெடுத்தவர்களுக்கு அவள் யார் என்று தெரியாது. பொக்லைன் வைத்து வெட்டிய பெரிய குழிக்கு எல்லாரையும் கொண்டுபோனதுபோல அவளையும் கொண்டுபோனார்கள். அந்தக் குழியோரத்தில் நம் மாமா நின்றுகொண்டிருந்தார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிக்கிற நிலைமை இல்லை. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் மண் தள்ளக்கூடாது என்று அவராகப் போய் நின்று, இறக்குகிற ஒவ்வொருவருக்கும் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது துணியை விலக்கிப் பார்த்தால் மச்சான் பெண்டாட்டி.

மாமா அங்கே இருந்த அதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறார். புருஷன் சிதம்பரம் போயிருக்கிறான், வந்துவிடுவான், கொஞ்சம் பொறுங்கள் என்று. வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இறக்குங்கள், நாற்றம் தாங்கவில்லை, வியாதி பரவும் என்றிருக்கிறார் அவர். அன்றைக்கு எந்த வண்டி கிடைக்கும்? ஆள் அனுப்பினால் போனவன் திரும்பவில்லை. போன் எதுவும் போகவில்லை. அந்த நேரத்தில் "கடலு திரும்ப வருது" என்று யாரோ கத்த, குழியோரத்தில் இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். மாமாவும் இரண்டு பேரும்தான் நின்றார்கள். அவளை அங்கே அநாதையாகப் போட்டுவிட்டு ஓடுவதா, வைத்துவிட்டு ஓடுவதா? மாமா குழிக்குள் வைத்து மண் தள்ளிவிட்டார். கடல் திரும்ப வரவில்லை, வெறும் புரளி. சாயங்காலம் மதலைமுத்து மாமா நம் மாமா வீட்டு வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று நான் மாமா வீட்டில்தான் இருந்தேன், அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தேன். மாமா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வாசலுக்கு வந்தார். மதலைமுத்து மாமா உள்ளே வரவில்லை.

"எங்க வெச்ச?"

"செபம் சொல்லித்தான் வெச்சேன் மச்சான். ஓரமா, தனியாத்தான் வெச்சேன். எடம் எனக்குத் தெரியும்."

"எனக்குக் காட்டாமயா?"

"ஆள் அனுப்பினேன்டா. நேரம் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஒடம்பு தாங்காதுன்னாங்க..."

"ஐஸ் கம்பெனியில கெடந்து கெழவனானவன்டா நானு. ஊரு மீனுக்கெல்லாம் ஐஸு குடுத்தவன். எம் பொண்டாட்டிக்கு ஒரு பாளம் கெடைக்காதா? ஒரு பொழுது அவள வெச்சிருக்க மாட்டனா?" என்று கேட்டுவிட்டு, சத்தமே இல்லாமல், "நீ பாத்துட்ட. நான் பாக்கல. அவ்ளோதான்" என்றார். அப்படியே திரும்பி நடந்தவர், குழியைத் தோண்டச் சொல்லி அதிகாரிகளிடம் போய் மன்றாடி, அடிபடாத குறையாகத் திரும்பினாராம். அதற்குப் பிறகு கோயில் பக்கம் வரவில்லை. தை மாதத்திலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் மகள் செலினோடு போய் இருந்துகொண்டார். நம் மாமாவை யாராவது பேச்சில் இழுத்தால் "அந்த உபதேசியார்" என்று சொல்வாராம். மச்சான் என்ற வார்த்தை போய்விட்டது.

நம் மாமா என்ன செய்தார் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். செலின் வீடு மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். மதலைமுத்து மாமா கதவைத் திறக்கவில்லை. செலின் அழுதுகொண்டே ஜன்னல் வழியாக, "போயிடுங்க பெரியப்பா, அப்பா கத்துறாரு" என்றாள். மாமா போகவில்லை, கூப்பிடவும் இல்லை. சந்திலேயே நின்றார். பக்கத்து வீட்டில் கோமதி என்று ஒரு பெண், குமராட்சிப் பக்கத்திலிருந்து வந்து பால் வியாபாரம் செய்கிற குடும்பம். அவள்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "இங்க ஒக்காருங்க ஐயா. வெயிலு ஜாஸ்தியா இருக்குது" என்று காபி கொடுத்தாள். மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு மாமா கடலூர் திரும்பினார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். கோமதி கேட்டிருக்கிறாள், "உங்களுக்கு அவுரு என்னா ஒறவு?" என்று. மாமா யோசித்துவிட்டு, "தெரியலம்மா இப்ப" என்றாராம். இதைக் கோமதி என்னிடம் சொல்லி, "எங்கூர்ல கொள்ளிடத்துத் தண்ணி வந்தா வூடு வாசல்தான் போவும். இவுங்களுக்குப் பேச்சே போயிடிச்சே" என்று வருத்தப்பட்டாள்.

செலினுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தபோது பார்க்க நானும் மாமாவோடு போனேன். செலின் என்னை மட்டும் உள்ளே விட்டாள். பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நாற்காலிப் பக்கத்தில் நிற்கிறேன், உள்ளிருந்து குரல் வந்தது. ஆள் தெரியவில்லை, ஜன்னல் ஒரு கை அளவுக்குத்தான் திறந்திருந்தது.

"உபதேசியாரே. அவ எப்டி இருந்தா?"

மாமா எழுந்துவிட்டார். "நல்லா இருந்தாப்பா. தூங்குற மாரிதான்..."

"பொய் சொல்லாத. செபம் படிக்கிற வாயி. அலையில அடிச்சிகினு போயி ஒரு நாளு பூரா மண்ணுல கெடந்தவ எப்டிடா தூங்குற மாரி இருப்பா?"

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "வலப்பக்கம் முகம் அடிபட்டிருந்துச்சு. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு, நாந்தான் மூடுனேன். வாயெல்லாம் மண்ணு. தண்ணி வாங்கிக் கழுவுனேன். பொடவ இல்ல. ஒரு அம்மா அவுங்க வூட்டுப் போர்வயக் குடுத்துச்சு, அதச் சுத்துனோம். காதுல ஒரு தோடுதான் இருந்துச்சு. கழட்டிக்கச் சொன்னாங்க, நான் விடல. அதோடயே வெச்சேன். மண்ணு நேரா முகத்துல விழக் கூடாதுன்னு என் துண்டப் போட்டேன்." அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் மூடிக்கொண்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் மாமாவோடு சண்டை போட்டேன். கேட்டால் அப்படியே சொல்லிவிடுவதா, அந்த மனுஷன் அதை நினைத்து நினைத்தே செத்துவிடுவாரே என்று. புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு, "பாதி சொன்னா, மீதிய அவன் மனசுக்குள்ளயே தேடிகினு இருப்பான். தேடுற வேலைய இன்னிக்காவது நிறுத்தட்டும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. மதலைமுத்து மாமா ஒரு பாயை விரித்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம்.

நீ உடனே, ஓகோ மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. அவர் மன்னித்ததாக ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. போகும்போதெல்லாம் முதலில், "மூடிட்டியேடா" என்பார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்பார். அதற்குப் பிறகுதான் காபி வரும், பேச்சு வரும். அமலோற்பவம் எப்படிக் குழம்பு வைப்பாள், கல்யாணமான புதிதில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் கைதட்டிக் கூப்பிட்டது, தேர்த் திருவிழாவில் காணாமல்போனது. மதலைமுத்து மாமா சொல்லச் சொல்ல இவர் கேட்பார். கோயிலுக்கு வா என்று மாமா ஒரு தரம்கூட அழைத்ததில்லை. கோயில் பங்கில் இதற்காக அவரை ஏசினார்கள். பூசைக்கு வராத ஆள் வீட்டில் உபதேசியாருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். கல்யாணப் பேச்சை எடுக்கிற வயசாகிவிட்டது உனக்கு, அதனால் சொல்கிறேன்: வீட்டில் ஒருத்தர் சொன்ன குற்றத்தையே மறுபடி மறுபடி சொன்னால், பழைய கதையைக் கிளறாதே என்று வாயை அடைக்காதே. சிலருக்கு அதைச் சொல்லித் தீர்க்க வருஷக்கணக்கில் ஆகும். கேட்கிறவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தப்பு நம்முடையதாக இல்லாவிட்டாலும்கூட. நானாக இருந்தால் முதல் மாசத்திலேயே எழுந்து வந்திருப்பேன்.

அப்புறம் 2011-இல் 'தானே' புயல். அதை நீ டிவியில்தான் பார்த்தாய். மாமா வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் விடியற்காலையில் ஒவ்வொன்றாகப் பறந்தன. சுவரோரம் உட்கார்ந்து நனைந்தபடியே இருந்திருக்கிறார். எங்கள் தெருவில் மரமெல்லாம் வேரோடு சாய்ந்து, நான் அவரைப் போய்ப் பார்க்கவே மத்தியானம் ஆகிவிட்டது. நம் வீட்டுக்கு அழைத்துவந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, போகவில்லை. அடுத்த ஞாயிறு காய்ச்சல் இருந்தது. நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன், தம்பி. நிஜமாகவே நின்றேன். "ரெண்டு வாரம் நான் போவலன்னா, புயல்ல செத்துட்டேன்னு நெனச்சிடுவான். போன் பண்ணிச் சொல்லலாம்னா டவரு இல்ல. மொகத்தக் காட்டிட்டு ஓடியாந்துடுறேன்" என்று என்னை விலக்கிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். மூச்சு முட்டுவதற்கு நடுவில் என்னைக் கூப்பிட்டு, "மதலைக்குச் சொல்லி அனுப்பு, இந்த வாரம் வர மாட்டேன்னு" என்றார். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். புதன்கிழமை போய்விட்டார். அத்தனை பேர் கட்டிலோரமும் உட்கார்ந்தவர் பக்கத்தில் அன்று நான் ஒருத்திதான். எனக்கு ஒழுங்காக ஒரு செபம்கூட வரவில்லை. அவர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடலை நம் வீட்டுக் கூடத்தில் கிடத்தினோம். அவர் மகள் ரீட்டா மங்கலம்பேட்டையில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் ஒருத்தரை அனுப்பினோம். வழியில் எங்கெங்கோ சுற்றிப்போய் அவர் தகவல் சொல்லி, அவள் கிளம்பி வர மறுநாள் ஆகிவிடும். நம் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தாலும் ஓடாது. பங்குப் பெரியவர்கள் வந்து, சாயங்காலமே அடக்கம் வைத்துவிடலாம், உடம்பு தாங்காது என்றார்கள். புதிதாக வந்திருந்த இளம் சாமியாரும், "வேற வழி இல்லைங்கம்மா" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்த நேரத்தில் ஒரு பால் வண்டி வந்து வாசலில் நின்றது. கோமதியின் புருஷன் ஓட்டிவந்திருந்தார். பக்கத்தில் மதலைமுத்து மாமா. வண்டி நிறைய ஐஸ் பாளம், சாக்கு போர்த்தி, மரத்தூள் கொட்டி. மாமா சொன்னபடி, அவர் போன பிறகு நான் அனுப்பிய ஆள் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது சாவுச் செய்தியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். இவர் கடலூர் வந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே துறைமுகத்துக்குப் போய், ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஐஸ் கம்பெனியில் நின்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போன பிறகு அவர் மறுபடி கடலூரில் கால் வைத்தது அன்றுதான். உள்ளே வந்து யாரையும் பார்க்கவில்லை. பாளத்தை உடைத்து, சாக்கில் சுற்றி, மாமாவின் இரண்டு பக்கமும் காலடியிலும் அணைத்து வைத்தார். யாரோ உதவிக்கு வந்தபோது, "தண்ணி அவன் மேல படக் கூடாது. எனக்குத் தெரியும், விடு" என்றார். பெரியவர் ஒருத்தர் மெதுவாக அடக்க நேரத்தைப் பற்றி ஆரம்பித்தார். மதலைமுத்து மாமா நிமிர்ந்து, அந்தப் பழைய தொண்டையில், "அவன் பொண்ணு வந்து பாக்காம எவனும் மூடக் கூடாது" என்றார். சாமியார் முகத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பிறகு மதலைமுத்து மாமா என்னைக் கேட்டார், "தங்கச்சி, உம் புள்ள வரானா?" லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்றேன். "அப்டியா" என்று சொல்லிவிட்டு மறுபடி சாக்கைச் சரிசெய்யத் தொடங்கினார்.

ரீட்டா மறுநாள் காலையில் வந்து அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தடவினாள், திட்டினாள், முத்தம் கொடுத்தாள். அவர் எப்படி இருந்தார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் தானாக எழுந்த பிறகு, "இப்ப மூடுங்க" என்றார் மதலைமுத்து மாமா. கோயிலில் பூசை நடந்தபோது அவர் உள்ளே வரவில்லை, படியில் உட்கார்ந்திருந்தார். கல்லறையில் மண் போட மட்டும் வந்தார். கிளம்பும்போது என்னிடம், "ஞாயித்துக்கெழம இனிமே யாரு வருவா" என்றார். என்னைக் கேட்டதுபோல இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். முடிந்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்தேன். என்னிடம் அவர் அமலோற்பவத்தைப் பற்றிப் பேசவில்லை; மாமாவைப் பற்றித்தான் பேசினார். பேச்சு நடுவே நிறுத்தி, "காச்சலோட வந்தான்மா அன்னிக்கி. நான் தொட்டுப் பாக்கல. மூடிட்டியேடான்னு திட்டிதான் அனுப்பினேன்" என்பார். நீ போனில் சொன்னதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் இருந்தார், தம்பி. நீ தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறிவிட்டது. செலின் சாமியாரை அழைத்தாள். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள் என்றதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாமியார் கட்டாயப்படுத்தாமல் தைலம் பூசிவிட்டுப் போனார். அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல உனக்கு எழுத மாட்டேன். கோமதி பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அமலோற்பவத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அவர் செலினிடம் முன்பே கேட்டிருந்தார். அந்தக் கடற்கரையில் இப்போது யாரையும் வைக்க விட மாட்டார்கள். சிதம்பரத்துக் கல்லறையில்தான் வைத்தோம். வந்தவர்கள் கொஞ்சம் பேர். நேற்று குழி இருந்த இடத்திலும், மாமா கல்லறையிலும், இவர் கல்லறையிலும் மெழுகுவத்தி ஏற்றப் பார்த்தேன். மழையில் எங்குமே நின்று எரியவில்லை.

உனக்கு வந்திருக்கிற கோபம் எனக்குப் புதிதல்ல. அதை நான் மதலைமுத்து மாமா முகத்தில் வருஷக்கணக்காகப் பார்த்தேன். உன்னைத் தூக்கி வளர்த்தவரை நீ கடைசியாகப் பார்க்கவில்லை. அதை யார் மேலாவது போட வேண்டும். அதனால் நீ கேட்காமலே சொல்கிறேன். மாமா இளைத்துப்போயிருந்தார். கடைசி நாட்களில் சவரம் செய்யாததால் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. செய்துவிடலாமா என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சுக்குப் போராடின களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அமைதி என்று சொல்ல முடியாது. நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய அரைக்கை வெள்ளைச் சட்டையைத்தான் போட்டோம். தோளில் தொளதொளவென்று இருந்தது. கையில் செபமாலை சுற்றும்போது விரல் மடங்கவில்லை, ரீட்டா பிடித்துப் பிடித்து மடக்கினாள். இவ்வளவுதான். நான் எதையும் விடவில்லை.

இன்னும் ஒன்றை எழுதிவிட்டு நிறுத்துகிறேன். எனக்கும் வயசாகிவிட்டது. நீ இருப்பது தூரம். ஒரு நாள் உனக்கும் போன் வரும். நீ விமானம் ஏறி இறங்குவதற்குள் இங்கே வெயிலாக இருக்கலாம், புயலாக இருக்கலாம், கரண்டு இல்லாமல் போகலாம். யாராவது ஒருத்தர், ரீட்டாவோ பங்குச் சாமியாரோ, இனி காத்திருக்க முடியாது என்று முடிவு செய்து என்னை மூடிவிட்டால், அவர்மேல் கோபப்படாதே. அந்த முடிவை எடுத்தவர் அதைச் சுமந்துகொண்டுதான் இருப்பார். அவர் வீட்டுக்குப் போய், அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடி. உன் அம்மா சம்மதம் கொடுத்துவிட்டுத்தான் போனாள் என்று சொல்.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து, எழுதியும்விட்டேன். ஆனால் பெற்ற பிள்ளையிடம் பொய் எழுதக் கூடாது. நீ வந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. முடிந்தால் வந்துவிடு, கண்ணு.

அம்மா